ஒன்பதரைக்குப் படுத்தாலும் நள்ளிரவு கடந்தே உறக்கம்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஈரோட்டுக் கணக்கர்

வணக்கம். எனக்கு வயது 43. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். சென்ற செப்டம்பரில் வருமான வரித் தணிக்கை அறிக்கைகளுக்கான கெடு நெருங்கிய நாட்களில் இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி வரை அலுவலகத்திலேயே இருந்தேன். வீடு திரும்பிப் படுத்த பின்னும் எண்கள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் உறக்கம் கெட்டது. கெடு முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். அது முடிந்து ஐந்து மாதமாகிறது, இப்போது மாலை ஆறரைக்கே வேலை முடிந்துவிடுகிறது, ஆனால் போன உறக்கம் மட்டும் திரும்பவில்லை.

இழந்ததை ஈடுகட்டுவதற்காக ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன். கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கும்போது கண் சொக்குகிறது. எழுந்து படுக்கையறைக்குள் போய் விளக்கை அணைத்தால், யாரோ தோளைத் தட்டி எழுப்பியதுபோல் முழு விழிப்பு வந்துவிடுகிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்கிறது. அருகில் மனைவி உறங்கிக்கொண்டிருக்க, போர்வைக்குள் கைப்பேசியை எடுத்து மணி பார்க்கிறேன்: பதினொன்றரை, பன்னிரண்டு, ஒன்றேகால். 'இந்த நொடியே உறங்கினால்கூட ஆறு மணிக்குள் நாலே முக்கால் மணி நேரம் கிடைக்கும்' என்று மனம் கழித்துப் பார்க்கிறது, தொழில் புத்தி அங்கேயும் விடவில்லை. சில நாள் பன்னிரண்டரைக்கும் சில நாள் இரண்டுக்கும் உறக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது வரை எழுவதில்லை, மதியமும் படுத்துவிடுகிறேன்.

சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகள் செய்தாயிற்று, இரண்டும் சரியாகவே உள்ளன. மாலை ஆறு மணிக்கு ஒரு டிகிரி காபி குடிக்கும் வழக்கம் உண்டு. உடன் வேலை செய்யும் நண்பர் தாம் சாப்பிடும் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். அட்டையில் அல்பிரஸோலம் 0.25 என்று இருக்கிறது. இரண்டு இரவு போட்டுக்கொண்டேன், நன்றாக உறங்கினேன், அதுவே பயமாகவும் இருக்கிறது. இதைத் தொடரலாமா, வேறு வழி உண்டா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: தஞ்சாவூர் ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, எங்கள் வீட்டில் இதற்குச் செய்வது இளஞ்சூடான பாலில் கத்தி முனையளவு ஜாதிக்காய்ப் பொடி கலந்து குடிப்பதுதான். வயிற்றுக்கு இதமாக இருக்கும், குடித்ததும் படுக்கப் போக வேண்டும் என்ற எண்ணமும் பழகிவிடும். அளவு கூடினால் விபரீதம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் 'சிறிது போட்டால் சிறிது தூக்கம், நிறையப் போட்டால் நிறையத் தூக்கம்' என்று இரண்டு தேக்கரண்டி போட்டுக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடத்து, மறுநாள் மாலை வரை பிதற்றிக்கொண்டிருந்தான். அந்தக் காயில் உள்ள எண்ணெய்ப் பொருள் அதிகமானால் நஞ்சு என்று மருத்துவர் விளக்கினார்.

படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக வெந்நீரில் குளிப்பதும் நல்லது. வெந்நீர் பட்டதும் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி, உடம்பின் உள்சூடு வெளியேறுகிறது. அந்தச் சூடு இறங்கும் வேளையில்தான் உறக்கம் எளிதில் வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் உறங்கக் கூடாது என்று என் பாட்டி அதட்டியதற்கு வேறு காரணம் சொல்வார்கள். ஆனால் பகலில் கண்ணசராமல் இருந்ததால்தான் அன்றிரவு அடித்துப் போட்டாற்போல் உறங்கினோமோ என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 2: தாம்பரத்திலிருந்து ஒருவர்

ஐயா, நீங்கள் எழுதியதில் மற்ற எல்லாவற்றையும்விட 'ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன்' என்ற வரிதான் என் கண்ணில் பட்டது. நானும் இரண்டு ஆண்டுகள் இதைத்தான் செய்தேன். உறக்கமின்மையைத் தொடங்கி வைத்த காரணம் ஒன்றாகவும், அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும் காரணம் வேறாகவும் இருக்கும் என்பதை 1987 வாக்கிலேயே ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கியிருக்கிறார். உங்களுக்குத் தொடங்கி வைத்தது தணிக்கைக் கெடு, அது போய்விட்டது. பிடித்து வைத்திருப்பது சீக்கிரம் படுப்பதும், ஞாயிறு ஒன்பது மணி வரை கிடப்பதும், மணி பார்ப்பதும் என்றே எனக்குப் படுகிறது. கூடத்தில் சொக்கிய கண் படுக்கையறையில் விழித்துக்கொள்வதற்கும் இதுவே விளக்கம். ஐந்து மாதமாகத் தினமும் மூன்று மணி நேரம் விழித்துக் கிடந்த இடம் அது, உடம்பு அதை விழிப்பதற்கான இடமாகவே கற்றுக்கொண்டது.

நான் குணமடைந்தது 'உறக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்ற முறையால். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாவது நீடித்தால் நாட்பட்டது என்பார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் வந்துவிட்டீர்கள்.

செய்முறை கணக்கருக்கு எளிது. ஒரு வாரம் குறிப்பேட்டில் படுத்த நேரம், உத்தேசமாக உறங்கிய நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றைக் காலையில் எழுதுங்கள் (இரவில் மணி பார்த்து எழுதக் கூடாது). நீங்கள் சொன்னதை வைத்துப் போட்டால், படுக்கையில் கிடப்பது எட்டரை மணி நேரம், உறங்குவது சுமார் ஐந்தேகால், அதாவது 62 விழுக்காடு. ஆகவே இனி படுக்கைக்கு ஐந்தரை மணி நேரம் மட்டுமே கொடுங்கள்: இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழ வேண்டும், ஞாயிறானாலும் ஆறுதான், பகலில் படுக்கக் கூடாது. ஒரு வாரத்தின் சராசரி 85 விழுக்காட்டைத் தாண்டினால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்குத் தள்ளலாம். எக்காரணம் கொண்டும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். படுத்து இருபது நிமிடம் போலத் தோன்றியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்குச் சென்று, மங்கிய வெளிச்சத்தில் சுவையற்ற எதையாவது படித்திருந்து, கண் சொக்கிய பிறகே திரும்ப வேண்டும். உறக்கம் வராவிட்டால் எழுந்துவிடும் இந்த விதியை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972இலேயே வகுத்துவிட்டார்.

முதல் பத்து நாள் கொடுமையாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களும், கனரக வாகனம் ஓட்டுபவர்களும் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. மற்றவர்களும் ஒரு முறை மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பதில் 3: மருந்தாளுநர், மதுரை

நண்பரின் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அல்பிரஸோலம் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவரின் சீட்டில்லாமல் நாங்கள் விற்க முடியாது, சீட்டோடு விற்றாலும் நோயாளியின் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாடு எதற்கென்றால், சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்பிருந்ததைவிட மோசமாக உறக்கம் கெடும், நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு வலிப்புகூட வரலாம். இரண்டு இரவோடு விட்டுவிடுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பல மாதமாகச் சாப்பிடும் உங்கள் நண்பர் மட்டும், இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் காட்டிச் சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும். சளி மாத்திரையைத் தூக்க மாத்திரையாக வாங்கிப் போகும் முதியவர்களையும் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும்.

காபி விஷயத்தில் ஒரு கணக்கு. உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது மாறும். ஆறு மணிக் காபியில் பாதி பதினொரு மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கிறது. பகல் முழுதும் மூளையில் சேரும் அடினோசின்தான் உறக்கத்தை அழைப்பது. அது உட்கார வேண்டிய நாற்காலியில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடைசிக் காபியை மதியம் இரண்டுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடமும் ஒன்று கேளுங்கள்: உறக்கத்தில் உரத்த குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி எழுகிறீர்களா? அப்படியென்றால் அது வேறு நோய், வேறு சிகிச்சை. படுத்ததும் காலில் குடைச்சல் எடுத்து அசைத்தால்தான் சுகம் என்றிருந்தால் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மனச்சோர்வும் இருக்குமானால், 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஈரோட்டுக் கணக்கர் (ஆறு வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. குறட்டை லேசாக உண்டு, மூச்சு நிற்பதில்லை என்று மனைவி சொன்னார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்கினேன். பன்னிரண்டரை வரை விழித்திருப்பது இவ்வளவு கடினம் என்று நான் நினைக்கவே இல்லை. உறக்கம் வரவில்லை என்று அழுதவன், பத்தரைக்கு உறக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தேன்! நான்காம் நாள் ரசீதுகளை அடுக்கும்போதே தலை மேசையில் சாய்ந்துவிட்டது. அன்று முதல் பத்து நாள் வண்டியை எடுக்காமல் பேருந்தில் போனேன்.

இரண்டாம் வார இறுதியில் ஒரு மாற்றம் தெரிந்தது. விளக்கை அணைத்தது நினைவிருக்கிறது, அதன் பின் ஒன்றும் நினைவில்லை. மின்விசிறி இன்னும் 'டக்' என்றுதான் சொல்கிறதாம், மனைவி சொல்லித்தான் தெரியும். மூன்றாம் வாரம் பன்னிரண்டேகால், நான்காம் வாரம் பன்னிரண்டு என்று நகர்ந்து, ஐந்தாம் வாரம் 85க்குக் கீழே இறங்கியதால் அங்கேயே நின்று, இப்போது பதினொன்றே முக்காலில் இருக்கிறேன். ஆறேகால் மணி நேரத்தில் ஐந்து மணி முப்பத்தைந்து நிமிட உறக்கம், 89 விழுக்காடு. உறங்கும் நேரம் இருபது நிமிடமே கூடியிருக்கிறது என்றாலும், மூன்று மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தது போய்விட்டது. வாரத்தில் ஓரிரவு இன்னும் கெடுகிறது. ஆறு மணிக் காபியை விட்டது எல்லாவற்றையும்விடக் கசப்பு, அந்த இடத்தில் சுக்கு மல்லி குடிக்கிறேன்.

ஒரு சந்தேகம். சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கல் வருகிறது. இரவு முழுதும் விழிக்க வேண்டியிருக்கும். எல்லாம் பாழாகிவிடுமா?

தாம்பரத்திலிருந்து ஒருவர்

பாழாகாது, தாராளமாகப் போய்வாருங்கள். மறுநாள் காலை முழுதும் படுத்துவிடாமல், மதியம் மூன்று மணிக்கு முன் அலாரம் வைத்து அரை மணி நேரம் மட்டும் கண்ணயருங்கள். இரவு வழக்கமான பதினொன்றே முக்காலுக்கே படுத்து, அடுத்த நாள் ஆறுக்கு எழுந்துவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போது வண்டியை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.