நசரே அலையை நேரில் பார்த்தவங்க இருக்கீங்களா?

போர்ச்சுகல்ல இருக்கிற நசரே ஊருக்கு ஜனவரியில போயிருந்தேன். கலங்கரை விளக்கம் இருக்கிற பாறை முனையில நின்னா இடது பக்கம் ஊர்க் கடற்கரை, வலது பக்கம் ப்ராயா டோ நோர்ட்டேங்கிற இன்னொரு கடற்கரை. இடது பக்கம் அலை சாதாரணமா வந்து போகுது. வலது பக்கமும் முதல்ல எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல. "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு நினைச்சேன். அப்போ ஒரு ஜெட் ஸ்கி அலை மேல ஏறுச்சு. சுவத்துல ஊர்ற எறும்பு மாதிரி! அப்பத்தான் அளவே புரிஞ்சது. அலை உடைஞ்சு, வெள்ளை நுரை பரவின பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க உப்புப் படிஞ்சுக்கிட்டே இருந்தது. ஒரே முனைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கடலா? யாருக்காவது காரணம் தெரியுமா?

—

எல்லாம் கடலுக்கு அடியில இருக்கிற பள்ளத்தாக்கு செய்யுற வேலை, நண்பரே. சுமார் 230 கி.மீ. நீளம், ஆழமான இடத்துல ஏறக்குறைய 5,000 மீட்டர். அதோட தலைப்பக்கம் கரைக்குக் கிட்டவே வந்துடுது. அட்லாண்டிக் புயல்ல கிளம்புற அலை, பள்ளத்தாக்கு மேல வர்ற பகுதியில வேகம் குறையாம ஓடும். பக்கத்துல ஆழம் குறைஞ்ச தரை மேல வர்ற பகுதி தரை தட்டி மெதுவாகும். அதனால அலை வளைஞ்சு, ரெண்டு பகுதியும் ப்ராயா டோ நோர்ட்டே முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. கரையோரமா எதிர்த்து வர்ற நீரோட்டம் இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும். ஜெர்மன் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 2020 அக்டோபர்ல இங்க ஏறின அலை 26.21 மீட்டர். எட்டு மாடி உயரம்! நான் போன நாள் கடல் குளம் மாதிரி கிடந்தது. கலங்கரை விளக்கம் இருக்கிற கோட்டைக்குள்ள மாட்டியிருக்கிற சர்ஃப் பலகைகளைப் பார்த்துட்டு வந்ததுதான் மிச்சம்.

—

எனக்கு இதே பாடம் கலிஃபோர்னியாவுல, லா ஹோயாவுல கிடைச்சது. அங்க லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரைக்கு நேர் எதிரே இதே மாதிரி ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தலை காட்டுது. அலையோட பலம் ரெண்டு பக்கமும் விலகிப் போயிடுறதால, புதுசா சர்ஃபிங் கத்துக்கிறவங்க அங்கதான் இறங்குவாங்க. நானும் அங்க நாலு நாள் பழகிட்டு, தைரியத்துல வடக்கே பிளாக்ஸ் பீச்சுக்குப் போனேன். அங்க ஸ்கிரிப்ஸ்ங்கிற இன்னொரு கடலடிப் பள்ளத்தாக்கு அலையைக் குவிச்சு அனுப்புது. நசரேயோட ஒப்பிட்டா அது குட்டி அலைதான், ஆனா என்னைத் துணி துவைக்கிற மாதிரி புரட்டிப் போட்டுடுச்சு. வாய் நிறைய மணல், பலகைக் கயிறு கணுக்கால்ல இறுக்கின தடம் ஒரு வாரம் போகல. செங்குத்தான மலையில ஏறித்தான் திரும்பணும், அது தனிக் கதை.

—

நன்றி ரெண்டு பேருக்கும். பள்ளத்தாக்கு மட்டும் இருந்தா போதாது, புயலும் வரணும்னு இப்பத்தான் விளங்குது. அடுத்த தடவை அக்டோபர்–மார்ச்சுக்குள்ள, அலை முன்னறிவிப்பைப் பார்த்துட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.