ஆறு நாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்

மௌன தியானத்துக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு நாள் தவிப்பைத்தான் சொல்வார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கடைசி நாள் காலை நடந்தது.

நான் போனது பிரான்சில், கான் நகரத்துக்கு எதிரே கடலில் இருக்கும் சென் ஒனோரா தீவுக்கு. படகில் 20 நிமிடம்கூட ஆகாது. ஒன்றரை கிலோமீட்டர் நீளம், 400 மீட்டர் அகலம், அவ்வளவுதான் தீவு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஒனோரா தம் தோழர்களோடு வந்து குடியேறி மடம் அமைத்த இடம் இது. இடையில் மடம் மூடப்பட்டுப் பல கைகள் மாறி, 1869இலிருந்து சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கச் சபையின் துறவிகள் இருக்கிறார்கள். நடுவில் திராட்சைத் தோட்டம். தெற்கே கடலை ஒட்டி, கொள்ளையர்களுக்குப் பயந்து 11ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய கோட்டை மடம். அதன் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தால் முன்னால் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

விருந்தினர் இல்லத்தில் தங்குகிறவர்கள் மௌனம் காக்க வேண்டும். ஏதாவது தேவை என்றால் பொறுப்பில் இருக்கும் துறவியிடம் மட்டும் மெல்லப் பேசலாம். சாப்பாட்டு மேசையில் பேச்சே கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களை நாங்களே கழுவித் துடைத்து அடுக்குவோம்.

மேசையில் எனக்கு எதிரே ஒரு அம்மா. அறுபது வயது தாண்டியிருக்கும். முதல் நாள் ரொட்டிக் கூடையை நீட்டிப் புன்னகைத்தேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று இரவு சமையலறையில் அவருக்குப் பின்னால் நின்று, துடைக்கும் துணி வேண்டும் என்று கிசுகிசுத்தேன். திரும்பவே இல்லை. மௌனத்தை மீறிவிட்டேன், அதுதான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் என் கையிலிருந்து ஒரு பெரிய மூடி நழுவி விழுந்தது. கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர. சரி, இவருக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

வாய் மூடியிருந்தால் மனமும் அடங்கும் என்று நம்பித்தான் போனேன். ஆனால் என் மனம் அந்த அம்மாவைப் பற்றி ஒரு முழுக் கதையே எழுதிக்கொண்டிருந்தது. கடுமையானவர், பக்தியில் கர்வம் உள்ளவர், வேற்று முகங்களைப் பிடிக்காதவர். கோவிலில் அவர் எப்போதும் முன்வரிசையில் நின்று, முன்னால் இருக்கும் மரச்சட்டத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருப்பார். அதைக்கூட அதிகாரத் தோரணையாகவே பார்த்தேன்.

ஐந்தாம் நாள் இரவு செபம் முடிந்து விளக்குகளைக் குறைத்துவிட்டு, துறவிகள் ‘சால்வே ரெஜினா’ பாடினார்கள். நம் ஊர்க் கோவில்களில் மாதாவை வேண்டிக் கிருபை தயாபத்து மந்திரம் என்று சொல்வோமே, அதுதான். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பாட்டு பாட்டியின் குரலில் எனக்குள் கேட்டது. அழுதுவிட்டேன். வெளியே வரும்போது யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்த அம்மாதான். ஒன்றும் சொல்லாமல் ஒரு கைக்குட்டையைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கைக்குட்டையோடு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. நான் எழுதியிருந்த கதைக்குள் அது அடங்கவே இல்லை.

கடைசி நாள். இருட்டோடு எழுந்து செபத்துக்குப் போனேன். அப்புறம் படுக்கை விரிப்புகளைக் கழற்றி, அறையைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்தேன். கைக்குட்டையை அலசிக் காயவைத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். முதல் படகிலிருந்து ஒருநாள் பயணிகள் சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாளுக்குப் பிறகு அத்தனை குரல்களை ஒரே நேரத்தில் கேட்டபோது மார்பில் இடித்தது போல இருந்தது. அந்த அம்மா துறையின் ஓரத்தில் பையோடு நின்றிருந்தார். அவர் முகம் மட்டும் சலனமில்லாமல் இருந்தது.

எதிரே போய் நின்று என் அரைகுறை பிரெஞ்சில் நன்றி சொன்னேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, “கொஞ்சம் மெதுவாக, என்னைப் பார்த்தபடி சொல்லுங்கள்” என்றார்.

பல வருடங்களாகக் காது குறைந்துகொண்டே வந்து இப்போது ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லையாம். உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிடும்போது யார் பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வாய் வாயாகத் தாவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தட்டில் இருப்பதைக் கவனித்துச் சாப்பிட முடியாது. “இங்கே மட்டும்தான் யாரும் பேசுவதில்லை. அதனால் நானும் எல்லாரையும் போலத்தான். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். வருடா வருடம் அதற்காகவே வருகிறேன்.”

மரச்சட்டத்தில் கை வைத்திருந்தது ஏன் என்றும் கேட்டேன். ஆர்கன் இசைக்கும்போது மரம் அதிர்கிறது, அதை உள்ளங்கையால் கேட்கிறேன் என்றார்.

அவர் நிம்மதியாகக் கண்ணைத் தாழ்த்தி ஓய்வெடுத்த ஆறு நாளை நான் என்மேல் காட்டிய வெறுப்பு என்று படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. வார்த்தை தேடித்தேடிச் சொல்லி முடித்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கும் இங்கே மொழி தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம்” என்றார்.

உண்மைதான். வேலை செய்யும் இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பாதி புரியாமல் நானும் வாய் வாயாகப் பார்த்தபடி, எல்லாரும் சிரிக்கும்போது சிரித்துவைக்கிறவன்தான். அந்த மேசையில் ஆறு நாளாக எனக்கு அந்தப் பதற்றம் இல்லை என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன்.

படகில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எஞ்சின் இரைச்சலில் பேச முயலவில்லை. கான் நகரத்துக் கட்டிடங்கள் பெரிதாகத் தொடங்கியபோது, அவர் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு காது மெஷின்கள். வந்த நாளே கழற்றி வைத்தாராம். மறுபடி மூடி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“கரையில் கால் வைத்த பிறகு போட்டுக்கொள்கிறேன்” என்றார்.

படகு துறையில் தட்டி நின்றபோதும் அந்தப் பெட்டி மூடியபடி அவர் கையிலேயே இருந்தது.