சளி பிடித்த மூன்றாம் நாள் இளைப்பு: உங்கள் வீட்டில் எப்படி?

கோவை அம்மா:
மகனுக்கு ஏழு வயது. திங்கட்கிழமை மூக்கு ஒழுகிக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தால், புதன்கிழமை ராத்திரி, மருந்தைப் புகைபோல் மாற்றி மூச்சில் கொடுக்கும் நெபுலைசரை எடுக்க வேண்டியிருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழையில் இன்னொரு முறை. காய்ச்சல்கூடப் பெரிதாக இருக்காது. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே சளிதான். அவன் நாலு நாள் தும்மிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். இவன் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பான்.

"ஈரத்தலையோட நின்னான்ல" என்பது மாமியாரின் தீர்ப்பு. முதலில் பார்த்த இடத்தில் சளி மஞ்சளானாலே ஆன்டிபயாடிக் சிரப் எழுதிவிடுவார்கள். இரண்டு வருஷம் அதையும் கொடுத்தேன்.

போன வருஷம் வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டார், பெரிது பெரியவர்களின் மூச்சுக்குழாய், சிறிது குழந்தையின் மூச்சுக்குழாய். "ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலையே உரித்துவிடும். சாதாரண சளியைத் தருகிற ரைனோ வைரஸ் பெரும்பாலும் அவ்வளவு அழிக்காது, அங்கங்கே சில செல்களுக்குள் மட்டும் நுழையும். ஆனால் நுழைந்த செல் சும்மா இருக்காது, ஊரைக் கூட்டிவிடும்" என்றார். அந்தக் கூச்சல்தான் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்கள். அதைக் கேட்டு வெள்ளையணுக்கள் படையாக வருகின்றன. அவை வர வழிவிட்டு ரத்தநாளங்கள் கசிகின்றன, குழாயின் சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்கிறது. திருடன் ஒருவன், அவனைப் பிடிக்க வந்த கூட்டம் தெருவையே அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்ன வட்டத்தின் கணக்குதான் எனக்கு உறைத்தது. குழாயின் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு ஆகுமாம். குழந்தையின் குழாய் ஏற்கெனவே குறுகல். பெரியவர்களுக்கு மூக்கடைப்போடு போகிற வீக்கம் அவனை ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

மதுரைக்காரன்:
எனக்கு ஆஸ்துமா இல்லை, ஆனால் சளி போனபிறகும் மூன்று வாரம் இருமல் நிற்காது. ஊதுபத்திப் புகை, ஏசி காற்று, ஏன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே இருமல். சளி இறங்கி நெஞ்சில் கட்டிவிட்டது என்று பயந்து எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை. வைரஸ் போய்விட்டாலும் மூச்சுக்குழாயின் உள்தோல் ஆறி, நரம்பு முனைகளின் கூச்சம் அடங்கக் கொஞ்ச நாளாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். சளி என்றாலே அலர்ஜி மாத்திரை போடுகிற பழக்கம் எனக்கு. தூக்கம் வந்ததே ஒழிய மூக்கடைப்பு போனதில்லை. அலர்ஜியில் வேலை செய்வது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள், அந்த மாத்திரை தடுப்பதும் அதைத்தான். 1980களில் தன்னார்வலர்களின் மூக்கில் ரைனோ வைரஸை விட்டுச் சோதித்தபோது மூக்குநீரில் கூடியது ஹிஸ்டமின் அல்ல, பிராடிகினின் மாதிரியான கினின்கள் என்ற வேறு வேதிப்பொருள்கள். பிராடிகினினைத் தனியாக மூக்கில் தெளித்தாலே தொண்டை வலியும் அடைப்பும் வருகிறதாம், வைரஸே வேண்டாம்!

அக்கா, உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இங்கிலாந்தில் சால்ஸ்பரி ஊரில் சளி ஆராய்ச்சிக்கென்றே 1946இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். குளித்த ஈரத்தோடு ஆட்களைக் காற்றோட்டமான நடைக்கூடத்தில் நிற்க வைத்து, ஈர சாக்ஸ் மாட்டிவிட்டெல்லாம் பார்த்தார்கள். குளிரால் மட்டும் யாருக்கும் சளி வரவில்லை. என் அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் உடம்பு வேற" என்றார்.

டொராண்டோவிலிருந்து:
இங்கே பெற்றோருக்கு செப்டம்பர் என்றாலே கலக்கம்தான். முதல் வாரம் பள்ளி திறக்கும், மூன்றாம் வாரம் அவசரப் பிரிவில் ஆஸ்துமாக் குழந்தைகள் குவிவார்கள். கனடாவில் வருடா வருடம் நடப்பது. கோடையில் ஒதுங்கியிருந்த ரைனோ வைரஸ் வகுப்பில் கைமாறி வீட்டுக்கு வந்துவிடும். 160க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் ஒன்று வந்து போனது அடுத்ததற்குக் காப்பாகாது. என் மகளுக்குத் தடிமன், அதாவது சளி, வந்தால் இரண்டாம் நாளே நெஞ்சில் விசில் கேட்கும். விடுமுறையில் நன்றாக இருக்கிறாளே என்று ஆகஸ்டில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தியது என் தவறு. அந்த செப்டம்பரில் இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் கழிந்தது.

ஓய்வுபெற்ற செவிலி:
முப்பது வருஷம் குழந்தைகள் வார்டில் இருந்தவள் சொல்கிறேன். சளி பச்சையாவது கிருமி முற்றியதன் அடையாளம் இல்லை. படையாக வருகிற வெள்ளையணுக்களில் மயிலோபெராக்ஸிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. அந்த நிறத்தைப் பார்த்து எத்தனை பாட்டில் ஆன்டிபயாடிக் வீணாகியிருக்கும்!

டொராண்டோக்காரர் சொன்னதைக் கவனியுங்கள். தசையைத் தளர்த்தும் இன்ஹேலர் அப்போதைக்கு மூச்சு கொடுக்கும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர், அதாவது தடுப்பு இன்ஹேலர்தான். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த ராத்திரி கேஸ்களில் பாதி அப்படித்தான். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற சட்டியைக் குழந்தை முன்னால் வைக்காதீர்கள். வெந்துபோய் வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வீட்டில் நெபுலைசர் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள்.

கோவை அம்மா:
நன்றிம்மா. நானும் ஆறு மாதமாகத் தடுப்பு இன்ஹேலரை விடாமல் கொடுக்கிறேன். இந்த ஜூனில் சளி வந்தது, நெபுலைசர் எடுக்கவில்லை. மழைக்காலம் எப்படியோ, பார்க்கலாம். ஒரு சந்தேகம்: இன்ஹேலரில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழாயை, அதான் ஸ்பேசரை, கழுவித் துணியால் துடைத்து வைக்கிறேன், சரிதானே?

ஓய்வுபெற்ற செவிலி:
துடைக்காதேம்மா. பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு துளி விட்டு அலசி, அப்படியே காய வை.