போஸ்டரைஸ்: ‘சுவரொட்டியாக்கு’ சரியா?

நண்பர்களே,

படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் (GIMP) உள்ள ‘போஸ்டரைஸ்’ (Posterize) கட்டளைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளும் என் பதில்களும் கீழே.

> முகப்படத்தைச் சுவரொட்டி மாதிரி ஆக்குவதுதானே? ‘சுவரொட்டியாக்கு’ என்றே வைத்துவிடலாம்.

எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கட்டளை சுவரொட்டி எதையும் செய்வதில்லை. சாதாரண 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள். அவற்றை 3, 4 என்று குறைப்பதோடு அதன் வேலை முடிந்தது. 3 கொடுத்தால் அதிகபட்சம் 27 நிறங்கள், 4 கொடுத்தால் 64. கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நைசாக வழுக்கிப் போன நிறம், தட்டையான சில திட்டுகளாக உடைந்து நிற்கும்.

பெயர் சுவரொட்டியிலிருந்து வந்தது உண்மைதான். அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனித் தகடோ திரையோ வேண்டும் என்பதால் நிறத்தை எண்ணித்தான் செலவழித்தார்கள். ஆல்பெர்ட்டோ கோர்டா 1960இல் எடுத்த சே குவேரா படத்தை 1968இல் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் சிவப்பும் கறுப்புமான சுவரொட்டியாக்கியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த நிழல் வேண்டும், எது வேண்டாம் என்று அங்கே ஓவியர் முடிவு செய்தார். மென்பொருளுக்கு மூக்கின் நிழலும் முகப்பருவும் ஒன்றுதான். அதனால்தான் கிம்ப்பில் இதைச் செய்கிறவர்கள் பலர் முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, வளைகோடு (Curves) என்ற கருவியில் ஒளி வேறுபாட்டைக் கூட்டி, அப்புறம்தான் இந்தக் கட்டளையைத் தொடுகிறார்கள். மங்கலாக்காமல் விட்டால் முடியும் தோல் துளைகளும் பொடிப் பொடியாகச் சிதறும். வண்ணம் ஏற்றுவது அதற்கும் பிறகு. இத்தனையும் சேர்ந்து கடைசியில் கிடைப்பதன் பெயரை நடுவில் வரும் ஒரு கட்டளைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. அளவுக்கு மீறித் திருத்திய படத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரியுமே, அந்தக் குறைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ‘வானத்தில் சுவரொட்டியாக்கம் தெரிகிறது’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

> ‘நிறப்படியாக்கு’ பரவாயில்லை. ஆனால் படி என்றால் நகலும்தானே?

நியாயமான கேள்வி. ‘வண்ண நகல் எடு’ என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. ‘படி’யை முன்னால் போட்டுப் படிநிறமாக்கு என்றால், படிநிலை, படிக்கட்டு போல ஏறி இறங்குகிற படிதான் மனதில் வரும். பக்கத்திலேயே ‘படிகள்: 4’ என்று பெட்டி இருப்பதால் குழப்பமும் வராது. குறையைச் சொல்லவும் ‘வானத்தில் படிநிறம் விழுந்திருக்கிறது’ என்று இயல்பாக வருகிறது.

‘நிறக்குறைப்பு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் மொத்தப் படத்துக்கும் இத்தனை நிறம்தான் என்று கட்டுகிற கட்டளை தனியே இருக்கிறது. அதற்கு வைத்துக்கொள்வோம்.

> படியை 2 ஆக்கினால் அதுதானே திரெஷோல்ட்? இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

போதாது. திரெஷோல்ட் (Threshold) என்பது ஓர் ஒளி அளவுக்கு மேலுள்ளதை வெள்ளையாகவும் கீழுள்ளதைக் கறுப்பாகவும் ஆக்குகிற கட்டளை. வண்ணப் படத்தில் 2 கொடுத்தால் 8 நிறம் வரை வரும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டே வரும் என்றாலும் எந்த இடத்தில் வெட்டுவது என்பது நம் கையில் இல்லை. திரெஷோல்ட்டில் அந்த இடத்தை நாமே நகர்த்தலாம். பாதி முகம் இருட்டில் முழுகுவதும் மேலே வருவதும் அந்த ஒரு நகர்த்தலில்தான் இருக்கிறது. அதற்கு ‘வெட்டுநிலை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். படிநிறமாக்கு மீது மறுப்பு இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.