ரீகனின் ஆலோசகர் மைக்கேல் டீவர்: பலிகடாவா, பேராசைக்காரரா?

கரிசல்காற்று:
அமெரிக்க அதிபர் ரீகனின் விளம்பர மூளையாக இருந்து, பிறகு பொய்ச்சாட்சி வழக்கில் சிக்கிய மைக்கேல் டீவரை ‘பலிகடா’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. 1985 மே மாதம் வெள்ளை மாளிகையை விட்டு வெளியே வருகிறார். வந்த சூட்டோடு சொந்த நிறுவனம். கனடா அரசு 1,05,000 டாலருக்கு அவரை அமர்த்துகிறது. அமெரிக்க ஆலைப் புகையால் கனடாவில் பெய்த அமில மழை விவகாரத்துக்காக! இதற்கெனத் தனித் தூதர் போடலாமா என்று வெள்ளை மாளிகையில் பேசியபோது கூடவே உட்கார்ந்திருந்தவர் இவர். சில மாதங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாடிப்படி மைனர்:
எழுதியது நான்தான் அண்ணே. 1987 டிசம்பர் தீர்ப்பைப் பாருங்கள். ஐந்து குற்றச்சாட்டுகளில் மூன்று உறுதியாயின. ஐந்துமே பொய்ச்சாட்சி பற்றியவை. காசு வாங்கிக்கொண்டு அரசிடம் பிறருக்காகப் பேசும் தரகு வேலைக்காக வழக்கே இல்லை. 1978 சட்டப்படி, அரசுப் பதவியை விட்டவர் தன் பழைய அலுவலகத்தில் ஓராண்டுக்குக் காரியம் கேட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். அதிலும் வெள்ளை மாளிகையைப் பல அலுவலகங்களாகக் கூறுபோட்டு வைத்திருந்தார்கள். இந்த அறைக்குப் போகக்கூடாது, பக்கத்து அறைக்குப் போகலாம். ஓட்டை வைத்தவர்களை விட்டுவிட்டு நுழைந்தவரைப் பிடிப்பதா?

கரிசல்காற்று:
தப்பே இல்லையென்றால் நாடாளுமன்றக் குழுவிடமும், வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும் நடுவர் குழுவிடமும் எதற்குப் பொய் சொன்னார், தம்பி? மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் பயம் எதற்கு?

தண்ணீர்ப்பந்தல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சட்டத்தைவிட அந்தப் படம்தான் மறக்கவில்லை. 1986 மார்ச் டைம் இதழின் அட்டை: காரில் உட்கார்ந்து, காதில் தொலைபேசியோடு டீவர். ‘இந்த மனிதர் யாரை அழைக்கிறார்?’ என்று தலைப்பு. விசாரணையெல்லாம் சூடு பிடித்தது அதற்கப்புறம்தான். 1984 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிப் பாறை உச்சியில், இரண்டாம் உலகப்போரில் அங்கே போரிட்ட முன்னாள் அமெரிக்க ரேஞ்சர் படை வீரர்களை முன்னால் உட்காரவைத்து ரீகனைப் பேசவிட்டார்களே, அமெரிக்காவில் காலைத் தொலைக்காட்சி ஓடும் நேரமாகப் பார்த்து! அதன் பின்னால் இருந்தவர் டீவர். தலைவருக்குக் கோணம் பார்த்தவர் தன் படத்தில் கோட்டை விட்டார்.

மாடிப்படி மைனர்:
பிட்பர்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1985இல் ரீகன் போகவிருந்த அந்த ஜெர்மன் கல்லறையை முன்கூட்டியே பார்க்கப் போனவரும் டீவர்தான். பனி மூடியிருந்ததில் நாஜி எஸ்எஸ் படையினரின் கல்லறைகள் கண்ணில் படவில்லை. உலகமே கொதித்தது. ஆள் அப்போதே தளர்ந்திருந்தார், குடி வேறு. வழக்கில் வக்கீல்கள் அதைத்தான் சொன்னார்கள், ‘குடியில் நினைவு தப்பியது’ என்று.

கரிசல்காற்று:
நினைவு தப்பியவர் வாடிக்கையாளரை மட்டும் சரியாகப் பிடித்தாராக்கும்! கனடா, தென் கொரியா என்று பட்டியல் நீண்டது. கடைசியில் என்ன? மூன்றாண்டு சிறைத் தண்டனை நிறுத்திவைப்பு, ஒரு லட்சம் டாலர் அபராதம், 1,500 மணி நேரச் சமூகப்பணி. ஒரு நாள்கூட உள்ளே இல்லை.

மாடிப்படி மைனர்:
அபராதம் சும்மாவா? பெயர் போனதே பெரிய தண்டனை, அண்ணே.

கரிசல்காற்று:
எங்கே போனது? 1992இல் எடெல்மன் என்ற பெரிய மக்கள் தொடர்பு நிறுவனம் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. அதே தொழில், தம்பி.