தோல் அழற்சிக்குக் களிம்பை விட்டுவிட்டுக் குடலைக் கவனித்தால் போதுமா?

கேள்வி:
என் ஆறு வயது மகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடோபிக் டெர்மடைடிஸ் எனப்படும் தோல் அழற்சி இருக்கிறது. முழங்கை மடிப்பில் தோல் தடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. தூக்கத்திலேயே சொறிந்துகொள்வதால் காலையில் படுக்கை விரிப்பில் இரத்தப் பொட்டுகளைப் பார்க்கிறேன். ஸ்டீராய்டு களிம்பு பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் இரண்டே வாரங்களில் திரும்பிவிடுகிறது. "நோயின் வேர் குடலில் இருக்கிறது, களிம்பை நிறுத்திவிட்டு ப்ரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) கொடுங்கள்" என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். இதில் எவ்வளவு உண்மை?

பதில் 1:
குடலுக்குப் போகுமுன் தோலைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் உறுதியான சான்றுகள் அங்கேதான் அதிகம். இந்நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஃபிலாக்ரின் என்னும் தோல் புரதத்தின் மரபணுவில் குறை இருப்பது 2006இல் கண்டறியப்பட்டது. இப்புரதம் குறைந்தால் தோல் ஈரத்தை இழப்பதோடு, அதன் இயல்பான அமிலத்தன்மையும் குறைந்து, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா குடியேற வசதியாகிவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் புண்பட்ட தோலில் இந்தப் பாக்டீரியா இருந்தது. நோய் சீறும்போது இது பெருகி மற்ற நுண்ணுயிர்களின் வகைகள் குறைவதும், சிகிச்சைக்குப் பின் அவை மீள்வதும் 2012இல் குழந்தைகளிடம் காணப்பட்டன. இது சுரக்கும் ஒரு நொதி அரிப்பு நரம்புகளை நேரடியாகவே தூண்டுவதாக 2023இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மகள் தூக்கத்தில் சொறிவதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

பதில் 2:
குடல் பற்றிய பேச்சு வெறும் கட்டுக்கதை அன்று. குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள், நோயெதிர்ப்பு மண்டலம் அளவுமீறாமல் தடுக்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களை வளர்க்கின்றன. பின்லாந்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கும் பிறந்தபின் ஆறு மாதங்களுக்கும் லாக்டோபேசில்லஸ் வகையொன்றைக் கொடுத்தபோது, இரண்டு வயதில் அழற்சி வந்த குழந்தைகள் 46 விழுக்காட்டிலிருந்து 23 ஆகக் குறைந்தனர். ஆனால் அதே பாக்டீரியாவைக் கொண்டு பின்னர் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் அந்தப் பலன் கிட்டவில்லை. மேலும் அது வருமுன் காக்கும் முயற்சி. உங்கள் மகளுக்கோ நோய் ஏற்கெனவே வந்துவிட்டது. வந்த நோய்க்கு ப்ரோபயாடிக் கொடுத்த 39 ஆய்வுகளை அலசிய காக்ரேன் என்னும் மருத்துவச் சான்றாய்வு அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு, அரிப்பு, தூக்கக் கேடு போன்ற தொல்லைகளில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்றே முடிவுக்கு வந்தது. தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது என்பதையும் உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள்: எலியின் தோலைச் சற்றே காயப்படுத்தினாலே அதன் குடலில் ஒவ்வாமை செல்கள் பெருகுகின்றன.

பதில் 3:
நான் மருத்துவர் அல்லன், இதே நோயுள்ள சிறுவனின் தகப்பன். இப்படியொரு பேச்சைக் கேட்டுக் களிம்பை நிறுத்தியதில், தேன் நிறப் பொருக்கோடு சீழ் பிடித்து, ஆன்டிபயாடிக் கொடுக்கும் நிலைக்கு வந்தோம். குடல் நுண்ணுயிர்களைக் காக்கப் போய் அவற்றையே கொல்லும் மருந்தில் முடிந்தது. எங்களுக்குக் கைகொடுத்தது, தோல் தெளிந்தபிறகும் வழக்கமாகச் சீறும் இடங்களில் வாரம் இரண்டு நாள் களிம்பு பூசும் முறை. உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அளவையும் கவனியுங்கள்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு, விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பயத்தில் இதுவரை மிளகளவு களிம்பைத்தான் இரண்டு கைகளுக்கும் தேய்த்துவந்திருக்கிறேன். ப்ரோபயாடிக் வாங்குவதை ஒத்திவைத்து, வாரம் இருமுறை பூசுவது பற்றி மருத்துவரிடம் கேட்கப் போகிறேன்.