பிரையன் பொருங்கிற ராசாவுக்கு முன்னாடி இருந்த ஐரிஷ் ராசா மலாக்கி, வெறும் விட்டுக் குடுத்தவர் தானா?

ஹட்டன் மழைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இங்க மழை விடுறதா இல்ல, வெளிய போக வழியில்லாம போன்ல ஐரிஷ் ஹிஸ்டரி வீடியோவா பாத்துக்கிட்டு கெடக்கேன். எதத் தொறந்தாலும் அயர்லாந்து ராசா பிரையன் பொரு, 1014ல டப்ளின் பக்கத்துல நடந்த குளொன்டார்ஃப் சண்டை, வட ஐரோப்பாவுல இருந்து கடல் வழியா வந்த வைக்கிங் படைகள வெரட்டுனாரு, இதேதான். அவருக்கு முன்னாடி 980லயே பெரிய ராசாவான மலாக்கி, அவங்க பாஷைல மாயல் ஷெக்னல், அந்தாளுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் பிரையன்கிட்ட பதவிய விட்டுக் குடுத்தவருன்னு. அவ்வளவுதானா?

தலவாக்கலை வாசகன்:
இல்ல தம்பி. 980ல தாரா சண்டையில டப்ளின் வைக்கிங் படைய நொறுக்குனதே இவருதான், குளொன்டார்ஃபுக்கு 34 வருஷம் முன்னாடி. அங்க ராசாவா இருந்த ஓலாஃப் குவாரன் அயோனா தீவு மடத்துக்குப் போயி அங்கயே செத்தாரு. மலாக்கி டப்ளின வளைச்சு, வைக்கிங் எல்லைக்குள்ள அடிமையா கெடக்குற ஐரிஷ்காரன் எல்லாம் அவனவன் ஊருக்குப் போகலாம்னு அறிவிச்சாரு. அந்த அடிமைத்தனத்த, பைபிள்ல யூதர்களப் பிடிச்சுக்கிட்டுப் போன கதை மாதிரி, பாபிலோன் சிறையிருப்புன்னே பழைய குறிப்புகள்ல எழுதியிருக்காங்க. மலையகத்து நம்ம ஆளுகளுக்கு இந்த எடம் கொஞ்சம் தொடும். 989ல திரும்ப முற்றுகை, 20 ராத்திரி, உள்ள மாட்டுனவங்களுக்குக் குடிக்க உப்புத்தண்ணிதான், கடைசில மனைக்கு ஒரு அவுன்ஸ் தங்கம், ஒவ்வொரு கிறிஸ்மஸ் ராத்திரியும் கட்டுறோம்னு எறங்கி வந்தாங்க.

பண்டாரவளை அக்கா:
அண்ணே ரொம்ப ஏத்தி விடாதீங்க. ஐரிஷ் ராசாக்களும் அடிமை வச்சிருந்தவங்கதான். அதோட ஓலாஃபுக்கு அப்புறம் டப்ளின ஆண்ட குளூனியர்ன் இவருக்கு ஒரே தாய் வயித்து சகோதரன், அப்பன் மட்டும் வேற. பாதிக்கு மேல குடும்ப அரசியல். 1002ல சண்டையே போடாம பிரையன்கிட்ட எறங்குனதும் உண்மைதானே.

தலவாக்கலை வாசகன்:
உண்மைதான் தங்கச்சி, ஆனா அது ஒரே நாள்ல நடந்த கதையில்ல. 997ல ரெண்டு பேரும் நாட்ட ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க, 999ல கிளென்மாமாங்கிற எடத்துல ஒண்ணா நின்னு டப்ளின்காரங்களையும், அயர்லாந்தோட தென்கிழக்குல இருந்த லெய்ன்ஸ்டர்காரங்களையும் அடிச்சாங்க, அதுக்கப்புறந்தான் 1002. பிரையன் குளொன்டார்ஃப்ல செத்ததும் அந்த எடத்துல திரும்ப உக்காந்தது யாரு, இதே மலாக்கிதான், 1022ல சாகுற வரைக்கும். எறங்குன நாற்காலில எத்தன பேரு மறுபடி ஏறியிருக்கான் சொல்லுங்க. பேரு கெட்டது பின்னாடி. பிரையனோட கொள்ளுப்பேரன் காலத்துல, 12ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, அந்தக் குடும்பத்தப் புகழ்ந்து எழுதுன கதையில, குளொன்டார்ஃப்ல மலாக்கி படையோட ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்தாருன்னு போட்டுட்டாங்க. பரணி பாடுறவன் எவன் சோறு போடுறானோ அவனத்தான பாடுவான்.

ஹட்டன் மழைக்காரன்:
நன்றிண்ணே, இதெல்லாம் ஒரு வீடியோவுலயும் வரல. ஆமா 1014ல தானே நம்ம ராஜராஜ சோழனும் செத்தது? அப்ப பொலன்னறுவை சோழன் கையில.

பண்டாரவளை அக்கா:
அதே வருஷந்தான். அப்ப இலங்கை ராசா அஞ்சாம் மஹிந்தன் தெக்க ருஹுணுப் பக்கம் ஒதுங்கிக் கெடந்தாரு, 1017ல ராஜேந்திரன் படை பிடிச்சுக்கிட்டுப் போச்சு, 1029ல சோழ நாட்டுலயே செத்தாரு. மலாக்கிக்காச்சும் நாற்காலி திரும்பக் கெடச்சுது. மஹிந்தனப் பத்தி தனியா ஒரு திரி தொறங்க, அங்க நான் வாறேன்.